என் பத்தியமும் தெருமுனைக் கடையும்

செஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். முப்பது வருஷமாக அந்த மலையைப் பார்த்தபடிதான் வடாம் பிழிந்திருக்கிறேன். மிளகாய் காய வைத்திருக்கிறேன். திண்டிவனம், விழுப்புரம், மிஞ்சினால் சென்னை. அதற்கு மேல் நான் எங்கும் போனதில்லை. அப்படிப்பட்ட நான் 2023 நவம்பர் மாதம் விமானம் ஏறி லண்டனுக்குப் போனேன். எல்லாம் பெண்ணின் தலைப் பிரசவத்துக்காகத்தான்.

என் பெண் நர்ஸ். சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பரீட்சை எழுதி, லண்டனில் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை கிடைத்துப் போனவள். கல்யாணம் அதற்கு அப்புறம்தான் நடந்தது. தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பதுதானே நம் வழக்கம்? அவளால் வர முடியவில்லை. சரி, தாய் வீடே அவளிடம் போகட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

என் பெட்டியில் துணிமணி கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் சுக்கு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், மஞ்சள், மிளகு, வறுத்து அரைத்த பத்தியப் பொடி, இரண்டு டப்பா பிரசவ லேகியம். "அத்தை, எல்லாம் இங்கேயே கிடைக்குமே!" என்றார் மாப்பிள்ளை. கிடைக்கத்தான் செய்கிறது. பஸ் ஏறினால் ஈஸ்ட் ஹாம். அங்கே முருங்கைக்கீரையும் கருவாடும் கூட விற்கிறார்கள். ஆனாலும் நம் கையால் இடித்தது மாதிரி ஆகுமா?

அவர்கள் குடியிருக்கும் ஊருக்குப் பெயர் பார்க்கிங். வண்டி நிறுத்தும் இடம் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்! லண்டனுக்குக் கிழக்கே இருக்கிறது. நம் ஊரில் கோட்டை இடிந்து கிடப்பது போல அங்கே ஒரு பழைய மடத்தின் சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஊர் ஞாபகம் வந்தது. மற்றபடி குளிர், மழை, இருட்டு. சாயந்திரம் நாலு மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே நான் அடுப்படியைக் கைப்பற்றிவிட்டேன்.

என் மாமியார் எனக்குச் செய்ததையெல்லாம் நான் அவளுக்குச் செய்தேன். காலையில் லேகியம். மத்தியானம் பூண்டுக் குழம்பும் குழைந்த சோறும். ராத்திரி மிளகு ரசம். உருளைக்கிழங்கு வாயு, ஆகவே கூடாது. தயிர் குளிர்ச்சி, ஆகவே கூடாது. தண்ணீரும் அளந்துதான், வயிறு பெருத்துவிடும் என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார். பெண் நர்ஸ் ஆயிற்றே, "அம்மா, பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தா தண்ணி குடுக்கணும்மா" என்றாள். "நீ படிச்சது ஆஸ்பத்திரிக்கு. இது வீடு" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் சொன்னதுதான் சரி.

மூன்றாம் நாள் அவள் அழுதாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும். முதல் வாரத்தில் இப்படிக் கண் கலங்குவது பலருக்கும் வருவதுதான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருத்துவச்சியும் சொன்னாள். இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், ஆகாவிட்டால் சொல்லுங்கள் என்றாள். முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்ட நான் இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் ஆயிற்று. அவள் தட்டைத் தொடவில்லை. பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பிள்ளை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், திரும்ப வைத்துவிடுவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது.

அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பிரசவம் ஆகிப் பத்து பதினாலு நாளுக்குள் சுகாதாரப் பணியாளர் ஒருத்தி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிறாள். இங்கே நம் கிராம சுகாதார நர்ஸ் வருகிற மாதிரி. அவள் பிள்ளையை எடை போட்டுவிட்டு, என் பெண்ணைப் பார்த்து, "உன் மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். என் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஷீ குட். ஐ ஆம் ஹியர்" என்றேன். நான் இருக்கும்போது அவளுக்கு என்ன குறை என்று அர்த்தம். என் பெண் சிரித்து வைத்தாள். வந்தவளும் போய்விட்டாள்.

மறு நாள் மத்தியானம் பூண்டுக் குழம்பைப் பிசைந்து கொண்டுபோனேன். அவள் தட்டைத் தள்ளினாள்.

"எனக்கு இது வேண்டாம்மா. தெருமுனைக் கடையிலே ஷெப்பர்ட்ஸ் பை வாங்கிட்டு வரச் சொல்லு."

"அது இன்னா பண்டம்?"

"கறியைக் கொத்தி வதக்கி, மேலே உருளைக்கிழங்கை மசிச்சுப் பரப்பி..."

"உருளைக்கிழங்கா? கைக்குழந்தைக்காரிக்கு? உன் பாட்டி கேட்டா என்னை உயிரோட விடமாட்டாங்க!"

அப்போது அவள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் இந்த ஊருக்கு வந்த புதுசுலே, ராத்திரி டூட்டி முடிச்சிட்டு வந்து யாருமில்லாத ரூம்லே படுத்துக் கெடந்தப்போ, அந்தக் கடைதாம்மா எனக்குச் சோறு போட்டுது. நீ போடலே."

நான் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வயிறு எரிந்தது. பெற்றவள் நான், பெயர் தெரியாத ஒரு கடைக்கு என் இடமா?

அடுத்த நாள் காலையில், அவள் கண்ணை மூடிப் படுத்திருந்த நேரம், பேரனைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடம் இல்லை. அந்தக் கடைக்குள்தான் போனேன்.

நம் ஊர் மெஸ் மாதிரிதான் இருந்தது. எட்டு மேஜை, வெளியே தெரியாதபடி ஆவி படிந்த கண்ணாடி ஜன்னல், மேஜைக்கு மேஜை தக்காளி சாஸ் பாட்டில். சுவரில் கரும்பலகை. நம் ஓட்டலில் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுவது போல அதில் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். பெரியவர் ஒருத்தர் முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டட வேலைக்காரர்கள் நாலு பேர் பெரிய பெரிய கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நம்மைப் போலவே பால் விட்ட தேநீர்தான்.

அறுபது வயதிருக்கும், ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். என் புடவையைப் பார்த்தாள், வண்டிக்குள் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். உடனே என் பெண்ணின் பெயரைச் சொல்லி, "நீங்கள் அவளுடைய அம்மாதானே?" என்றாள். "வரப்போகிறீர்கள் என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் மீன் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள்."

நான் நின்றபடி நின்றேன். இங்கே உட்கார்ந்து பையைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் பேசியது என் மீன் குழம்பைப் பற்றியா!

உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். கரும்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அன்றைய சூப்பின் பெயர் 'மல்லிகடானி'. இரண்டு தரம் சொல்லிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் மிளகுத் தண்ணி! நம் பக்கத்து மிளகு ரசத்தைக் குடித்துப் பழகிய கம்பெனிக்காரர்கள் பெயரோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1845-ல் வந்த இங்கிலீஷ் சமையல் புத்தகத்திலேயே அது இருக்கிறதாம். "உங்கள் ஊர்ச் சமாசாரமா? ஐயோ, இன்றைக்கு நான் வைத்திருப்பது டப்பா சூப்" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஒரு கரண்டி ருசி பார்த்தேன். கெட்டியாக, சாம்பாருக்கும் கஞ்சிக்கும் நடுவில் இருந்தது. மிளகைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்! ஆனால் அந்தக் குளிருக்கு இதமாக இருந்தது.

"உங்கள் ஊர் எது?" என்று கேட்டாள். போனில் ராஜகிரி படத்தைக் காட்டினேன். "அடேயப்பா! நாங்கள் அங்கேயும் வந்தோமா?" என்றாள். "1761-லே வந்தீங்க. பிரெஞ்சுக்காரங்க கிட்டேயிருந்து கோட்டையைப் பிடிச்சீங்க" என்றேன். "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும், "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டாள்.

ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் "ராஜாத்தி மாதிரி இருக்கா" என்று சொன்ன வாய் இது. சுகாதாரப் பணியாளருக்குப் பொய் சொன்ன வாய். அந்தக் கடையில், எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், உண்மை வந்துவிட்டது. "நோ ஈட்டிங். நோ ஸ்லீப்பிங். க்ரையிங்" என்றேன். நானும் அழுதுவிட்டேன்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். தன் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது தனக்கும் இப்படித்தான் ஆயிற்று என்றாள். நான்கு மாசம் யாரிடமும் சொல்லவில்லையாம். நல்ல தாய் இல்லை என்று நினைப்பார்களே என்ற பயம். "இது வியாதி. காய்ச்சல் மாதிரி. வந்தவளிடம் சொல்லுங்கள், திரும்பக் கூப்பிடுங்கள்" என்றாள். நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

கிளம்பும்போது ஒரு ஷெப்பர்ட்ஸ் பை கட்டிக் கொடுத்தாள். மாட்டுக்கறியோ என்று நான் தயங்கியது அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவன். இது ஆட்டுக்கறி. மாட்டுக்கறி போட்டால் பெயர் காட்டேஜ் பை. உங்கள் பெண்ணும் முதல் நாள் இதைத்தான் கேட்டாள்" என்றாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். நான் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து சூடு பண்ணிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் பாதிக்கு மேல் சாப்பிட்டாள். நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். கொத்துக்கறி, வெங்காயம், காரட், பட்டாணி. மேலே வெண்ணெயும் பாலும் விட்டு மசித்த உருளைக்கிழங்கு, அடுப்பில் வைத்துச் சிவக்க எடுத்தது. காரம் கிடையாது. ஆனால் லேசாக ஒரு புளிப்பு. கறியில் விடுகிற கறுப்பு சாஸில் புளியும் நெத்திலி போன்ற ஒரு மீனும் சேர்கிறதாம். வூஸ்டர் சாஸ் என்கிறார்கள். புளியை விட்டு நாம் மட்டும்தான் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்!

அன்று ராத்திரி அவளிடம் கேட்டேன். "கண்ணு, அன்னிக்கு அந்தம்மா கேட்டதை நான் குறுக்கே பூந்து கெடுத்துட்டேன். இப்போ நான் கேக்கறேன். உன் மனசு எப்படியிருக்கு?"

ரொம்ப நேரம் கழித்து, "எனக்கு இவன் மேலே ஒண்ணுமே தோணலேம்மா. நான் செத்துட்டா இவனை நீ பார்த்துக்குவேன்னு தோணுது" என்றாள்.

சகோதரிகளே, பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு முழுதும் மாப்பிள்ளையும் நானும் மாறி மாறி அவள் பக்கத்தில் விழித்திருந்தோம். விடிந்ததும் அவர் போன் செய்தார். அன்றைக்கே டாக்டர் பார்த்தார். பத்துக் கேள்விகள் அடங்கிய ஒரு தாள் கொடுத்தார்கள். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்றெல்லாம் கேட்கிறது. 1987-ல் எடின்பரோவில் உண்டாக்கியது. தமிழிலும் இருக்கிறது. குழந்தை பெற்ற ஒரு வருஷத்துக்குள் பத்துத் தாய்மாரில் ஒருத்திக்கு மேல் இந்த மனச்சோர்வு வருகிறது என்று அங்கத்து அரசு மருத்துவத் துறை சொல்கிறது. பேசித் தீர்க்கும் சிகிச்சையும், பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்ற மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாசத்தில் படிப்படியாகத் தெளிந்தாள். பை சாப்பிட்டுக் குணமானாள் என்று நான் சொல்ல மாட்டேன், குணமாக்கியது வைத்தியம்தான். வைத்தியத்துக்குப் போகிற வழியை அந்தக் கடை எனக்குக் காட்டியது.

அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் பேரனோடு நாங்கள் இருவரும் அங்கே போனோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வறுத்த கறியும் உருளைக்கிழங்கும் சாறும். மற்ற நாளில் அடையளவு பெரிய உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டுப் பிளந்து நடுவில் பீன்ஸ். கடைசியில் பழைய ரொட்டியில் பாலும் முட்டையும் ஊற்றிச் செய்கிற புட்டிங். மீந்ததை வீணாக்காத சமையல், நம் வீட்டுப் பழைய சோறு மாதிரி. ஒரு நாள் நான் மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வர வர ஒரு கோப்பை குடித்துவிட்டு, "இதுதான் அசலா!" என்றாள்.

அவள்தான் எனக்கு இன்னொரு விஷயமும் சொன்னாள். இரண்டாவது உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்து வீடும் அடுப்பும் போனபோது, 1940-ல் அரசாங்கமே பொதுச் சமையலறைகள் ஆரம்பித்ததாம். பிரதமர் சர்ச்சில் அதற்கு 'பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்' என்று பெயர் வைத்தார். ஒன்பது பென்ஸுக்குள் வயிறு நிறையச் சாப்பாடு. ரேஷன் கூப்பன் வேண்டாம். 1943-ல் நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. ரேஷன் அங்கே 1954 வரை நீடித்தது. அவளுடைய அம்மா அப்படி ஒரு சமையலறையில் கரண்டி பிடித்தவளாம். "பசியில் வருகிறவனிடம் முதலில் தட்டை வை, அப்புறம் பேசு" என்பாளாம்.

நம் கோட்டையில் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறதே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகை போட்ட கோட்டை அது. உள்ளே தானியம் இல்லாமல் அத்தனை வருஷம் தாக்குப் பிடித்திருக்க முடியுமா? எந்த ஊராக இருந்தால் என்ன, கஷ்ட காலத்தில் மனுஷனுக்கு முதலில் வேண்டியது சூடாக ஒரு தட்டுச் சோறு.

2024 ஏப்ரலில் நான் செஞ்சிக்குத் திரும்பினேன். அடுத்த வருஷமே எதிர் வீட்டு மருமகளுக்குப் பிரசவம் ஆயிற்று. மூன்று வாரம் கழித்துப் பார்க்கப் போனால், அதே முகம். அதே ஜன்னல் பார்வை. மாமியார், "இன்னாமோ தெரியலே, சோறே எறங்க மாட்டேங்குது. சும்மா அழுவறா" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கொத்துக்கறியை வெங்காயம், காரட், கொஞ்சம் மிளகு சேர்த்து வதக்கி, வூஸ்டர் சாஸுக்குப் பதில் அரை ஸ்பூன் புளிக்கரைசல் விட்டேன். உருளைக்கிழங்கை வேக வைத்துப் பாலும் வெண்ணெயும் விட்டு மசித்தேன். நம்மிடம் அந்த அடுப்பு ஏது? மசித்ததைத் தோசைக்கல்லில் அடை மாதிரித் தட்டி, ஒரு பக்கம் முறுக விட்டு, முறுகின பக்கம் மேலே வரும்படி கறி மேல் போட்டேன். நன்றாகவே வந்தது. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கறிக்குப் பதில் வேக வைத்த கொள்ளோ தட்டைப்பயறோ போடலாம்.

கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு, மாமியாரைக் காபி போட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "உன் மனசு எப்படியிருக்கு?"

பதிலை அவள் சொல்லி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மாமியாரையும் அவள் புருஷனையும் உட்கார வைத்துப் பேசினேன். மறு நாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பது என்று தவிக்கிறவர்களுக்கு, 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' மனநல உதவி 2022 முதல் இருபத்துநாலு மணி நேரமும் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

லேகியம் கொடுங்கள், பூண்டுக் குழம்பு வையுங்கள். நானும் இன்னும் வைக்கிறேன். ஆனால் பெற்றவள் தட்டைத் தள்ளினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு எது வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அவள் முகம் தெளியவில்லை என்றால், அவளுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

போன வாரம் பெண் போன் செய்தாள். பேரன் தெருமுனைக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, வாயெல்லாம் உருளைக்கிழங்காகச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அந்த அம்மாள் கையை ஆட்டினாள். "ரசம் எப்போது கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்கிறாளாம். மிளகு காய வைத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.